பொருத்தனைப் பிள்ளை

என் வீட்டுக்காரரை எல்லோரும் பாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் பாஸ்டர் இல்லை. முதியோர் இல்லத்தில் படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களைக் குளிப்பாட்டி, உடை மாற்றி, நகம் வெட்டிவிடுவது அவர் வேலை. அந்தப் பட்டப்பெயர் வந்ததற்குக் காரணம் என் மாமியார்.

என் வீட்டுக்காரர் கைக்குழந்தையாக இருந்தபோது கடும் காய்ச்சல் கண்டு, டாக்டரே கையை விரித்துவிட்டார். பிள்ளை பிழைத்தால் ஊழியத்துக்கே கொடுத்துவிடுகிறேன் என்று அத்தை முழங்காலில் நின்று ஆண்டவரிடம் பொருத்தனை செய்தார். பிள்ளை பிழைத்தது. ஊழியம் என்றால் அத்தைக்குப் பிரசங்க மேடைதான், வேறொன்றும் கிடையாது. பால் பல் முளைக்கும் முன்பே பிள்ளைக்குப் பாஸ்டர் என்று பெயர் வந்துவிட்டது.

வளர்ந்ததும் வேதாகமக் கல்லூரியில் சேர்த்தார்கள். படிக்கும்போதே எங்களுக்குக் கல்யாணமும் ஆனது. நாலு பேர் முன்னால் நின்றால் இவருக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அலமாரிக் கண்ணாடி முன் நின்று பிரசங்கம் பழகுவார். கண்ணாடிக்கே கொட்டாவி வரும். ஆனாலும் விடவில்லை. அம்மா ஆண்டவருக்குக் கொடுத்த வாக்கு தன்னால் பொய்யாகிவிடக் கூடாதே என்று பயம்.

கடைசி வருடத்தில் ஆசிரியர்கள் முன்னிலையில் ஒரு பிரசங்கம் செய்து காட்ட வேண்டும். இவருக்கு முதியோர் இல்லத்துக் கூடத்தை ஒதுக்கினார்கள். தலைப்பு, ஆண்டவர் சீடர்களின் கால்களைக் கழுவியது. நான் கதை கட்டவில்லை, அதுதான் தலைப்பு. அத்தை முன்வரிசையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

பாதிப் பிரசங்கம் போயிருக்கும். சக்கர நாற்காலியில் இருந்த ஒரு பெரியவர் உட்கார்ந்தபடியே மலம் கழித்துவிட்டார். பக்கத்தில் இருந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பினார்கள். பெரியவர் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டார். இவர் வேதாகமத்தை மூடி வைத்துவிட்டு மேடையிலிருந்து இறங்கி, நாற்காலியைத் தள்ளிக்கொண்டு குளியலறைக்குப் போய்விட்டார்.

வந்துவிடுவார் என்று ஒரு பாட்டுப் பாடினோம். இன்னொன்றும் பாடினோம். கடைசியில் ஓர் ஆசிரியரே ஜெபித்து முடித்துவைத்தார். நான் போய்ப் பார்த்தால், மனிதர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, குளித்து முடித்த பெரியவருக்குச் சாவகாசமாக நகம் வெட்டிக்கொண்டிருந்தார்.

கல்லூரி மறுவாய்ப்புக் கொடுத்தது. இவர் போகவில்லை. அந்த இல்லத்திலேயே வேலை கேட்டுச் சேர்ந்துவிட்டார். ஏன் இப்படி மானத்தை வாங்குகிறீர்கள் என்று நான் பிடிபிடியென்று பிடித்தேன்.

"அழைப்பு, அழைப்புன்னு எல்லாரும் சொல்றப்ப எனக்கு ஒண்ணும் கேட்டதில்ல. அன்னிக்கு அவரைக் கழுவிவிட்டப்பதான் ஆண்டவர் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி இருந்துச்சு" என்றார்.

அந்தப் பிரசங்க நாளுக்குப் பிறகு அத்தை கடைசிவரை அந்த இல்லத்தின் வாசலை மிதிக்கவில்லை. ஆலயத்தில் யாராவது விசாரித்தால், பையன் இன்னும் படித்துக்கொண்டிருக்கிறான் என்பார். இவருக்குத் தலை நரைத்த பிறகும் அதே பதில்தான். ஆண்டவரை ஏமாற்றிவிட்டோமே என்று தனியாக உட்கார்ந்து அழுவார். அந்த அழுகை இவரை உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது.

பிறகு அத்தைக்கு நினைவு தப்ப ஆரம்பித்தது. முதலில் தெருவை மறந்தார், பிறகு என்னை, கடைசியில் பெற்ற பிள்ளையை. குளிக்கக் கூப்பிட்டால் என்னை அடிப்பார். ஒரு தடவை கடித்தும் விட்டார். அன்றிலிருந்து இவரே அந்த வேலையை எடுத்துக்கொண்டார். இவர் பாணியே தனி. தண்ணீரை முதலில் தன் முழங்கையில் ஊற்றிப் பார்ப்பார். கையைத் தொடப் போகிறேன், காலில் ஊற்றப் போகிறேன், சரியா என்று ஒவ்வொன்றையும் கேட்டு, தலையாட்டும்வரை காத்திருப்பார். ஊற்றும்போது உதடு ஜெபத்தில் அசையும். என்னைக் கடித்த அத்தை இவரிடம் பெட்டிப்பாம்பாக அடங்கிப்போனார். எனக்குக் கொஞ்சம் பொறாமைதான்.

ஒருநாள் வலது காலைக் கழுவித் துடைக்கும்போது அத்தை இவர் முகத்தை உற்றுப் பார்த்தார். நான் துண்டோடு நின்றிருந்தேன்.

"தம்பி, எனக்கும் ஒரு பையன் இருக்கான். ஆண்டவருக்குக் கொடுத்த பிள்ளை" என்றார் அத்தை. "உங்களை இந்த வேலைக்கு யாருப்பா கொடுத்தாங்க?"

இவர் விரலிடுக்கில் இருந்த ஈரத்தை ஒற்றியெடுத்தார்.

"எங்கம்மாதான்."



"நல்ல பிள்ளையாப் பார்த்துதான் கொடுத்திருக்காங்க. ஆண்டவர் சந்தோஷமா வாங்கியிருப்பார்" என்றார் அத்தை.

இடது காலைத் தொடப் போகிறேன் என்று சொல்ல வேண்டிய இவர், துடைத்து முடித்த வலது காலையே மறுபடி துடைத்துக்கொண்டிருந்தார். அத்தையே இடது காலை நீட்டினார்.