நிழலில்லாதவளுக்குக் கதவு திறந்தவர்

என் மூத்த பேரன் கனடாவில் வீடு வாங்கிவிட்டான். அவன் தம்பி திருச்செங்கோட்டில் சொந்தமாக ரிக் வண்டி எடுத்து, ராஜஸ்தான் வரை போய் ஆழ்துளைக் கிணறு போட்டு வருகிறான். பெரிய பேத்தி பல் மருத்துவம் முடித்துப் பட்டம் வாங்கிய மறுநாளே என் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினாள், வலிக்கவே இல்லை. கடைக்குட்டி ரம்யாவுக்குக் கட்டுரைப் போட்டியில் முதல் பரிசு. இப்படி ஒவ்வொன்றையும் எங்கள் அஸ்தம்பட்டி வீட்டு மாடியில் குடியிருந்த பேராசிரியை மரகதம் அம்மாவிடம்தான் முதலில் போய்ச் சொல்வேன். கட்டுரைப் போட்டியை மட்டும் மறுபடி ஒருமுறை சொல்லச் சொல்லிக் கேட்டார்.

போன வெள்ளிக்கிழமை காலை ரம்யா ஆஸ்பத்திரியிலிருந்து போன் செய்தாள். "அப்பத்தா, டீச்சரம்மா போயிட்டாங்க." அடுப்பில் பால் இருந்தது. இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்தேன்.

அவருடைய வாசகர் வட்டத்துப் பிள்ளைகள் அஞ்சலிக்காக என்னையும் எழுதச் சொன்னார்கள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். அவர் கல்லூரியில் வரலாறு நடத்தியவர், பழைய கல்வெட்டுகளைப் படித்தவர், ஓய்வுக்குப் பிறகு மாயக்கதைகள் எழுதியவர் என்பது உங்களுக்கே தெரியும். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

எங்கள் மோகனூர்ப் பக்கம் புதிதாக ஒருவரைப் பார்த்தால் ஊரையும் கூட்டத்தையும் கேட்போம். கூட்டம் என்றால் குலப்பிரிவு. அது தெரிந்தால்தான் என்ன முறை வைத்துக் கூப்பிடுவது என்று விளங்கும். அவர் சாமான் இறக்கிய அன்றைக்கே கேட்டேன்.

"ஏனுங் டீச்சரம்மா, எந்தூருங்க? எந்தக் கூட்டம்?"

"ஊரு கெங்கவல்லி. மத்ததை வாடகைப் பத்திரத்துல கேக்கலையேம்மா."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். கடைசி வரை சொல்லவில்லை. நானும் கேட்பதை விடவில்லை.

ஒருநாள், கல்வெட்டின் மேல் காகிதத்தை ஒற்றி எடுத்த படி ஒன்றை மாடியில் விரித்து வைத்திருந்தார். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன்.

"கோயிலுக்கு நிலம் குடுத்திருக்காங்க. கிழக்கே வாய்க்கால், தெற்கே ஏரி, மேற்கே சேரி."

"அப்பறம்?"

"அவ்வளவுதாம்மா. சேரியில இருந்தவங்களைப் பத்தி வேற ஒரு எழுத்து கிடையாது. எல்லைன்னு சொல்லி நிக்க வச்சுட்டுப் போயிட்டாங்க."

அந்த எல்லையிலிருந்துதான் அவருடைய கதைகள் எல்லாம் தொடங்கின என்று நினைக்கிறேன். அவர் கதைகளில் பூதங்கள் மதிலுக்கு வெளியே அடுப்பு மூட்டிச் சோறாக்கும். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் கண் விழித்திருக்கும். "ஒருத்தரைப் பேய்னு எழுதணும்னா, அவங்க வீட்ல இன்னைக்கு என்ன குழம்புன்னு எனக்கு முதல்ல தெரியணும்" என்பார்.

கடைசி நாவல், நிழல் விழாத மக்களைப் பற்றியது. அவர்களில் ஒருத்தி நகரத்து வாசலுக்கு வருகிறாள். வாசல் காக்கும் கிழவி, "யாரூட்டுப் புள்ள நீயி? எந்தூரு?" என்கிறாள். எனக்காகப் பெரிய எழுத்தில் அச்செடுத்துக் கொடுத்த தாளில் அதைப் படித்ததும் மாடியேறினேன்.

"இந்தக் கெழவி என்ன மாதிரியே பேசறாளுங்க."

"உங்க மாதிரி என்ன, நீங்களேதான்."

"அப்ப நல்ல சீலையாக் கட்டி உடுங்க. கிழிஞ்சதுன்னு எழுதிப்போட்டீங்க."

சீலையை மாற்றி எழுதினார்.

அதற்குள் அவருக்கு நுரையீரல் நோய் முற்றியிருந்தது. உடனே அச்சிடுகிறேன் என்று ஒரு பதிப்பாளர் வந்தார். ஒரே ஒரு மாற்றம் கேட்டார். நிழலில்லாதவள் அரசனின் காணாமல்போன மகள் என்று கடைசியில் தெரிய வேண்டும். ஒத்துக்கொண்டால் புத்தகத்தைக் கையில் வாங்கிப் பார்த்துவிடலாம். இல்லையென்றால் வேறு ஆள் தேட வேண்டும். அதுவரை உடம்பு தாங்காது என்பது அவருக்கும் எனக்கும் தெரியும்.

"ராசா மகள்னே எழுதிப்போடுங்க சாமி. உங்க கையில புத்தகம் வந்துரும்ல?"

"அப்ப, ராசா மகளா இல்லாதவ வந்தா என்னம்மா பண்றது?" என்றார். "நீங்கதான வாசல்ல நிக்கறீங்க. யாருன்னே தெரியாது. உள்ள விடுவீங்களா?"

"உடமாட்டனுங்க." பொய் சொல்ல மனம் வரவில்லை.

"தண்ணி கேட்டா?"

"அதெப்படிக் குடுக்காம இருக்கறது? சொம்புல தண்ணி குடுத்துப்போட்டுத்தான எந்தூருன்னே கேப்பம்."

"நின்னுட்டே குடிக்கணுமா?"

"உக்காரச் சொல்லோணுமுங்க."

"எங்க?"

"உள்ளதான். வெளிய வெயிலு."

சிரித்தார், சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. பிறகு, தான் படித்த ஒரு கல்வெட்டைப் பற்றிச் சொன்னார். தண்ணீர்ப்பந்தல் வைத்தவர் யார், குடம் சுமந்தவருக்கு என்ன கூலி என்றெல்லாம் அதில் இருந்ததாம். யார் குடிக்கலாம் என்று மட்டும் இல்லையாம். "எல்லாரும் குடிச்சாங்கன்னு அதை வச்சு நான் வரலாறு எழுத முடியாதும்மா. கதை எழுதலாம்."

அப்படியேதான் எழுதினார். கிழவி தண்ணீர் கொடுக்கிறாள். நிழலில்லாதவள் உள்ளே உட்கார்ந்து குடிக்கிறாள். யாருடைய மகள் என்பது கதை முடியும் வரை தெரியாது. பதிப்பாளர் விலகிக்கொண்டார். நாமக்கல்லில் சின்னதாக அச்சகம் வைத்திருப்பவர் ஏற்றுக்கொண்டார். புத்தகம் இப்போது அச்சில் இருக்கிறது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் பிழைதிருத்தும் தாள்களை மட்டும் பார்த்தார். வருந்தினாரா என்று பலர் கேட்கிறார்கள். ஒருநாள் முழுக்கச் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். மறுநாள் பேனாவைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

நான் இப்போதும் வருகிறவர்களிடம் ஊர் கேட்கிறேன். அது என்னைவிட்டுப் போகாது. ஆனால், அவர்கள் குடித்து முடிக்கட்டும் என்று பொறுத்திருக்கிறேன். பாதிப் பேர் நான் கேட்பதற்குள் எழுந்து போய்விடுகிறார்கள். அவரிடமிருந்து எனக்கென்று மிஞ்சியது இந்தப் பொறுமைதான்.

வட்டத்துப் பிள்ளைகளுக்கு ஒன்று. அஞ்சலிக்கு நீங்கள் போட்டிருக்கும் படத்தில், பொன்னாடையோடு கடுகடுவென்று இருக்கிறார். அதை எடுத்துவிட்டு வேறு போடுங்கள். எங்கள் காட்டில் கரும்பு வெட்ட வந்த வெளியூர்ப் பெண்கள் இரண்டு பேரோடு வரப்பில் உட்கார்ந்து, வாய் நிறையக் கரும்பு கடிக்கிற படம் ரம்யாவின் செல்போனில் இருக்கிறது. அனுப்பச் சொல்லியிருக்கிறேன். அவரை மட்டும் தனியாக வெட்டி எடுக்க வேண்டாம். இடப்பக்கம் இருப்பவர் அஞ்சலை, வலப்பக்கம் இருப்பவர் குப்பம்மாள். படத்துக்குக் கீழே மூன்று பேரின் பெயரையும் ஒரே அளவு எழுத்தில் போடவும்.