காட்டெருமை முன் கத்திய ஜெபம்

நான் பீடியை விட வேண்டுமென்று அம்மா இருபது வருஷமாகத் தினமும் முழங்காலிட்டு ஜெபிக்கிறார். போர்வைக்குள் படுத்துக் கேட்டே எனக்கு அது மனப்பாடம்.

போன மாதம் நடுவட்டம் எஸ்டேட்டில் மருந்தடிக்கப் போனவன், தேயிலைச் செடிகளுக்குள் ஒளிந்து பீடி பற்ற வைத்தேன். மூடுபனி விலகியதும் பார்த்தால், பத்தடியில் காட்டெருமை! எனக்குத் தெரிந்த ஒரே ஜெபத்தைக் கத்தினேன்: "ஆண்டவரே, எம் மகனை இந்தப் பீடியிலிருந்து விடுவியும்!" அது பெருமூச்சு விட்டுத் திரும்பிப் போனது.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன். "உசுரக் காப்பாத்துன்னு கேக்கவே மறந்துட்டனேம்மா, அப்புறம் எப்படிப் போச்சு?"

"அதையும் நாந்தான்டா தெனமும் கேக்கறேன். நீ கேட்டதுக்கு மொதல்ல வழி பண்ணு" என்று கையை நீட்டினார். பீடிக்கட்டைக் கொடுத்துவிட்டேன்.

எந்த ஜெபத்தைக் கேட்டு எருமை போனது என்ற குழப்பம் இன்னும் தீரவில்லை. ஆனால் பீடி இல்லை. இப்போதெல்லாம் அம்மா ஜெபிக்கும்போது நானும் பக்கத்தில் முழங்காலிடுகிறேன். அடுத்து எதைக் கேட்கிறார் என்று தெரிய வேண்டுமே!