பெரியப்பா வாயில் கிராம்பு

கிராம்பு வாசனை வந்தால் இன்றைக்கும் எனக்கு முதலில் எழுவது சந்தேகம்தான். செஞ்சியில் எங்கள் தெரு முழுக்க அந்த வாசனையைச் சந்தேகித்த காலம் ஒன்று இருந்தது. நைனாவின் அண்ணனான பெரியப்பா, பல்வலி என்று சொல்லி ஓயாமல் கிராம்பை மென்றுகொண்டிருந்தார். அறுபதைத் தாண்டியவர், நடக்கையில் சுவரைத் தொட்டுக்கொண்டே போவார், பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்பமாட்டார். "சோத்துக்குக் கூப்ட்டா மட்டும் கேக்குது பாரு" என்பார் நைனா. சாராய நாற்றத்தை மறைக்கத்தான் கிராம்பு என்று வீட்டிலேயே முடிவு கட்டியிருந்தோம். சோறு போடும்போது பெரியம்மா தேவைக்கு மேல் குனிவார். வாயை மோந்து பார்க்கத்தான் என்பது எனக்கும் தெரியும்.

ஆடி மாதம் கூழ் ஊற்றும் திருவிழாவில் மாரியம்மன் கரகம் தூக்குவது பெரியப்பாவின் உரிமை. அதற்காகக் கையில் மஞ்சள் கயிற்றைக் "காப்பு" என்று கட்டிக்கொண்டவர் சாராயத்தைத் தொடக்கூடாது. தொட்டால் தெருவுக்கே ஆகாது. பம்பை மேளம் நின்றால் கரகமும் நிற்கவேண்டும் என்பது எங்கள் தெரு முறை. அந்த வருஷம் குளக்கரையிலிருந்து வரும் வழியில் பம்பை நின்றது, பெரியப்பா நிற்கவில்லை. நாலு பேர் சேர்ந்து கத்தியதும் வெடுக்கென்று திரும்பினார், சாய்ந்தார், கரகம் தெருவில் விழுந்து உடைந்தது.

"காப்பு கட்டிக்கினு குடிச்சிட்டு வந்துட்டான்" என்றது கூட்டம்.

"நான் சாயலப்பா, தரைதான் சாயுது" என்றார் பெரியப்பா. பெரியம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, அத்தனை பேர் முன்னாலும் அவர் வாயை மோந்து பார்த்து, "கிராம்புதான். வேற ஒண்ணுமில்ல" என்றார். யார் நம்பினார்கள்? பனைமரத்தடியில் பாலைக் குடித்தாலும் கள் என்கிற உலகம்தானே இது. தெருப் பெரியவர் காப்பை அறுத்தார். கரகம் தூக்கும் உரிமை வேறு வீட்டுக்குப் போனது. அதற்கப்புறம் ஆடி வந்தால் பெரியப்பா வாசலுக்கே வருவதில்லை, அப்படியே செத்தும் போனார்.

இப்போது எனக்கு அவர் வயது. காதில் ஓயாத இரைச்சல், சட்டென்று திரும்பினால் தள்ளாட்டம். உடம்பைச் சாயாமல் நிறுத்துகிற உறுப்பும் காதுக்குள்ளேதான் இருக்கிறது, சிலருக்கு இரண்டும் சேர்ந்தே கெடும் என்றார் காது டாக்டர். அங்கேயே எனக்கு அழுகை வந்துவிட்டது. காதுக்காக அழுகிறேன் என்று நினைத்து அவர் தேற்றப் பார்த்தார்.

ஆடித் திருவிழாவில் இப்போது பம்பை இல்லை, பேண்டு செட்டுதான். நேற்று மருமகள் காபியை வைக்கும்போது வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிகமாகக் குனிந்தாள். நான் வாயைத் திறந்து காட்டினேன்.