நட்சத்திரத்தின் மேல் இரண்டு மயில்கள்

அக்கா உத்திரமேரூரில் வீடு கட்டியபோது சமையலறையை எங்கே வைப்பது என்பதைக்கூட மாமாவிடம் விட்டுவிட்டாள். வாசல் கேட் மட்டும் தன் இஷ்டப்படி வேண்டும் என்றாள். பஜாரில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் பாயின் வீட்டு கேட்டில் ஒரு நட்சத்திரம் உண்டு. ஒரு சதுரம், அதன்மேல் திருப்பி வைத்த இன்னொரு சதுரம், எட்டு முனை. பஸ் நிற்கும் இடம் அந்த வீட்டுக்கு எதிரே என்பதால், பல வருடங்களாக அதைப் பார்த்துக்கொண்டே காஞ்சிபுரம் பஸ்ஸுக்குக் காத்திருந்தவள் அவள்.

கிரகப்பிரவேசத்துக்கு முந்தைய நாள் மதியம் கேட் வந்து இறங்கியது.

“இன்னாமே இது? பாய் வூட்டு கேட்ட பேத்துக்கினு வந்துட்டியா?” என்றார் மாமா.

“நல்லாதான கீது?”

“நல்லாதான் கீது. நாளைக்கு எங்க பங்காளிங்க வந்து இது வூடா, தர்காவான்னு கேப்பானுங்க. உன் தம்பி பதில் சொல்வானா?”

என்னிடம் பதில் இருந்தது. அலங்கார வடிவங்களைப் பற்றிப் படிப்பதும், பார்த்த இடத்திலேயே வரைந்து வைத்துக்கொள்வதும் என் பழக்கம். இந்த நட்சத்திரத்தை மொராக்கோ ஓடுகளின் படங்களிலும் பாரசீகச் சுவர்களின் படங்களிலும் பார்த்திருக்கிறேன். லட்சுமி படத்தில் தேவிக்குப் பின்னாலும், அக்கா போடும் மார்கழிக் கோலத்திலும் அதே நட்சத்திரம்தான். யாரிடமிருந்து யார் எடுத்தார்கள் என்று சொல்ல முடியாது. சதுரம் வரையத் தெரிந்த எவருக்கும் தானாகவே அமைந்திருக்கலாம். இதையெல்லாம் வரிசையாகச் சொன்னேன்.

“மொராக்கோலேர்ந்து எவனும் நாளைக்கு சாப்ட வரல மச்சான்,” என்றார் மாமா.

கேட்டைக் கொண்டுவந்த வெல்டிங் பட்டறைக்காரர் குறுக்கே வந்தார். “பட்டறையில ரெண்டு மயிலு ரெடியா கீது சார். மேல வச்சிட்டா முருகன் வூடு மாதிரி ஆயிடும்.”

மாமா உடனே ஒத்துக்கொண்டார். மயில்கள் வந்து, பட்டறைக்காரர் வெல்டிங் ராடை எடுத்தபோது அக்கா பக்கத்தில் போனாள்.

“பத்த வெக்காதீங்கண்ணே. போல்ட்டு போட்டு முறுக்குங்க.”

“ஏம்மா?”

“பெயிண்ட் அடிக்க வசதியா இருக்கும்.”

மறுநாள் பங்காளிகள் மயில்களைப் புகழ்ந்தார்கள். பாயும் ஒரு சுவர்க் கடிகாரத்தோடு வந்தார். கேட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“மயிலு ஜோரா கீது. நாங்க உருவம் வெக்கறதில்ல, அதான் வெறும் நட்சத்திரத்தோட வுட்டுட்டோம்,” என்றார். மாமா இதை அன்று எல்லோரிடமும் சொன்னார்.

பந்தல் பிரித்த பிறகு அக்கா போன் செய்தாள். “உங்கிட்ட ஸ்பேனர் கீதாடா?”

கொண்டுபோனேன். அவளே கழற்றினாள். கழனியிலிருந்து திரும்பிய மாமா கேட்டுக்கு முன் வண்டியை நிறுத்தினார்.

“மயிலு எங்கமே?”

“மேய போயிருக்கு.”

“பங்காளிங்க திரும்ப வந்தா?”

“வந்தா மாட்டிக்கலாம். போல்ட்டுதான?”

மாமா நட்சத்திரத்தைப் பார்த்தார். பிறகு அதன் நடுவில் கை வைத்து கேட்டைத் தள்ளித் திறந்தார்.

“போல்ட்ட தொலச்சிடாத,” என்றபடி வண்டியை உள்ளே ஏற்றினார்.