வாய் நிறையத் தண்ணீர்

காலை ஆறு மணிக்குக் குழாயடியில் நின்று ஒரு வாய்த் தண்ணீரை நிரப்பிக்கொள்வார். விழுங்கமாட்டார், துப்பவும் மாட்டார். கன்னங்கள் உப்பியபடியே, முகத்தையும் மறைக்கும் வெள்ளை அங்கியைத் தலைவழியாக மாட்டி, வலது கையை நாரைத்தலைப் பொம்மைக்குள் நுழைத்துக்கொண்டு கூண்டுக்குள் போவார். உள்ளே ஒரே ஒரு நாரைக்குஞ்சு, பசியோடு.

இருபத்தெட்டு வருஷம் பஸ் கண்டக்டராக இருந்தவர். ஓய்வுபெற்றபின் பறவைக் காப்பகத்தில் தீனி கொடுக்கும் வேலை. படிக்கட்டில் நிற்பவரின் மூட்டுவலியை விசாரித்து, மருந்தும் சொல்லி இறக்கிவிட்ட வாய் அது. அதைத்தான் இங்கே மூடச் சொன்னார்கள். அந்த இனத்து நாரைகள் சதுப்பில் நாற்பதுகூட மிச்சமில்லை. வெள்ளம் ஏறிய கூட்டிலிருந்து எடுத்த முட்டை. அதிலிருந்து பொரிந்து வந்த குஞ்சு மனித முகம் பார்க்கக் கூடாது, மனிதக் குரல் கேட்கக் கூடாது.

அங்கி தைத்தது அவர் மனைவி. தையல்தான் அவளுக்குத் தொழில். "முப்பது வருஷமா வாய மூடுங்க, வாய மூடுங்கன்னு சொல்லித் தொண்ட வறண்டு போச்சு. ஒரு குஞ்சு வந்து சாதிச்சிருச்சு பாருங்க" என்பாள். அவரோ வீட்டில் அன்றைய பாக்கிப் பேச்சையெல்லாம் அவளிடமே கொட்டுவார்.

கைவேலை சுத்தம். மீனை முள் எடுத்து, விரல் அகலத்துக்கு நறுக்குவார். ஒரு துண்டு தொண்டை இறங்கியதைப் பார்த்த பிறகே அடுத்தது. எடையையும் எச்சத்தின் நிறத்தையும் நோட்டில் எழுதாமல் வெளியே வரமாட்டார். படுத்த படுக்கையாய் இருப்பவர்களுக்கு ஊட்டுகிற பலருக்கு இந்தப் பொறுமை கிடையாது.

பதினோராம் நாள்தான் சறுக்கினார். பெரிய துண்டொன்று சிக்கிக் குஞ்சு திணறியது. "மெதுவா முழுங்குடா கண்ணா" என்றுவிட்டார். துண்டு இறங்கியது. குஞ்சு பொம்மையை விட்டுவிட்டு, அங்கிக்குள் அவர் வாய் இருந்த இடத்தையே பார்த்தது.

வெளியில் நின்று அதைக் கேட்ட பறவை மருத்துவர் கத்தவில்லை. "இந்தக் குரல் பழகிருச்சுன்னா, கண்ணி வைக்கிறவன் கூப்பிட்டாலும் போய் நிக்கும் கண்டக்டரே. அப்புறம் அத வெளிய விட முடியாது. சாகிற வரைக்கும் கூண்டுதான்."

தண்ணீர் வழக்கம் அன்று தொடங்கியது. மூன்று மாதம் தவறவில்லை.

சென்ற வாரம் பரீட்சை. அங்கியில்லாத ஒரு மனிதர் சத்தமாகப் பேசிக்கொண்டு எதிரே போக வேண்டும். பறவை விலகி ஓடினால் சதுப்புக்கு. நெருங்கி வந்தால் கூண்டுக்கு.

"நீங்களே போங்க. அன்னிக்கு அது கேட்டது உங்க குரல்தானே" என்றார் மருத்துவர்.

"என்ன பேசறது டாக்டரம்மா?"

"உங்களுக்கா சொல்லித் தரணும்?"

திறந்த வெளியில் வளர்ந்த நாரை நின்றது. அவர் கையைத் தட்டிக்கொண்டு நடந்தார். "உள்ள போ, உள்ள போ. படியில நிக்காத. எடம் இருக்கு, நகரு." பறவை கழுத்தை நீட்டி, அவரை நோக்கி ஓரடி வைத்தது. அவர் குரல் ஒரு கணம் தேய்ந்தது. அடுத்த கணம் பஸ்ஸே அதிர்வதுபோல், "போலாம் ரைட்" என்றார்.

நாரை திரும்பி ஓடியது. நாலைந்து எட்டு ஓடியதும் சிறகை விரித்து எழும்பி, கோரைக்கு மேலாகப் பறந்து சதுப்பின் அக்கரையில் போய் இறங்கியது. திரும்பிப் பார்க்கவில்லை.

மருத்துவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "பாஸ் கண்டக்டரே. இனிமே எவ்வளவு வேணும்னாலும் பேசலாம். சொல்லுங்க, எப்படி இருக்கு?"

அவர் வாயைத் திறந்தார். பிறகு விறுவிறுவென்று குழாயடிக்குப் போய், ஒரு வாய்த் தண்ணீரை நிரப்பிக்கொண்டு, கன்னம் உப்ப அக்கரையைப் பார்த்தபடி நின்றார்.