மேடான் நீதிமன்றத்தில் அண்ணன் சொல்லாத சத்தியம்

எல்லாம் வல்ல இறைவனின் நாட்டப்படி அண்ணன் எங்களைப் பிரிந்து ஓராண்டு ஆகிறது. ஒரு கட்டுரை எழுதும்படி குடும்பத்தார் கேட்டார்கள். எழுத உட்கார்ந்தால் அழுகை வரவில்லை. நடந்ததை அப்படியே வைக்கிறேன்.

அண்ணன் பிறந்தது மதுரை கோரிப்பாளையத்தில். எங்களைப் பெற்ற அத்தா கைலி வியாபாரி. அத்தா மௌத்தாகி அடக்கமானபோது அண்ணனுக்கு மீசைகூட அரும்பவில்லை. மதினியைக் கைப்பிடித்து மகள் பிறந்த பிறகு, நாகப்பட்டினத்தில் கப்பலேறி, சுமத்ராத் தீவில் டச்சுக்காரர் ஆட்சியிலிருந்த மேடான் நகருக்குப் போனார். அங்கே ஜவுளிக்கடை வைத்து என்னையும் அழைத்துக்கொண்டார்.

ஒரு மழைநாள் மாலையில், மதுரையிலிருந்து வந்த துணிக்கட்டுகளை ஒரு சீன வியாபாரியிடம் அண்ணனே நேரில் ஒப்படைத்தார். மேலே இருந்த இரண்டு கட்டுகளைப் பிரித்துக் காட்டினார். காய்ந்தே இருந்தன. இருவரும் திருப்தியோடு பிரிந்தார்கள். சில வாரம் கழித்து மற்றக் கட்டுகளைப் பிரித்தால் பூசணம் பிடித்திருந்ததாம். ஈரச் சரக்கைத் தலையில் கட்டிவிட்டதாக அவர் வழக்குப் போட்டார்.

மதுரைக் கோர்ட்டைப் போல வக்கீல்கள் கூண்டில் நிறுத்திக் குறுக்கே கேள்வி கேட்பார்கள் என்று நினைத்துப் போனோம். அங்கே அப்படி இல்லை. இரு பக்க வக்கீல்களும் எழுத்திலேயே வாதம் கொடுத்து, எழுத்திலேயே பதில் பெற்றார்கள். நீதிபதிகள் அமைதியாகப் படித்தார்கள். சமாதானமாகப் போகலாமா என்றும் கேட்டார்கள். சரக்கு ஈரமாக இருந்ததென்று அண்ணன் ஒப்புக்கொண்டால் போதும் என்றார் சீன வியாபாரி. தெரியாததை ஒப்புக்கொள்ள முடியாது என்று அண்ணன் சொல்லிவிட்டார்.

இரு தரப்பிலும் உறுதியான சாட்சி இல்லை. அப்படிப்பட்ட வழக்கில் டச்சுச் சட்டம் ஒரு வழி வைத்திருந்தது. ஒருவர் எதிராளியைப் பார்த்து, "நீர் சத்தியம் செய்யும்" என்று கேட்கலாம். செய்தால் அவருக்கு வெற்றி, மறுத்தால் தோல்வி. சீன வியாபாரி அதைத்தான் கேட்டார். ஒப்படைத்தபோது எல்லாக் கட்டுகளும் உலர்ந்திருந்தன என்று அண்ணன் குர்ஆன் மீது சத்தியம் செய்ய வேண்டும். வாசகத்தை மாற்ற வழியில்லை என்று எங்கள் வக்கீல் சொல்லிவிட்டார்.

முதல் நாள் மாலை அண்ணனிடம் கெஞ்சினேன்.

"அண்ணே, சொல்லிருங்க. நம்ம சரக்கு நல்ல சரக்குன்னு நமக்குத் தெரியும்ல?"

"நம்புறேன் தம்பி. ஆனா நான் கண்ணால பார்த்தது எம்புட்டு? மேல கெடந்த ரெண்டு கட்டு. எல்லாத்தையும் பார்த்தேன்னு எப்படிச் சொல்றது?"

"அப்ப அவரையே சத்தியம் செய்யச் சொல்லுங்க. திருப்பிக் கேக்கலாம்னு வக்கீல் சொன்னாருல்ல?"

"அவரும் எங்கூட மழையிலதானே நின்னாரு? என்னால முடியாததை அவர் தலையில ஏத்தவா?"

மறுநாள் மொழிபெயர்ப்பாளர் கேட்டபோது, "மாட்டேன்" என்ற ஒரே சொல்லைச் சொன்னார். சீன வியாபாரி திகைத்து எழுந்து நின்றது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. தீர்ப்பு எங்களுக்கு எதிராக வந்தது. கடை ஏலத்தில் போனது.

நாங்கள் ஊர் திரும்பக் கப்பலேறிய அன்று சீன வியாபாரி துறைமுகத்துக்கு வந்தார். கடைவீதியில் பேசும் மலாய் மொழியில், "நீங்க சொல்லியிருந்தா நான் நம்பியிருப்பேன்" என்றார்.

"அதனாலதான் சொல்லல" என்றார் அண்ணன்.

ஊரில் வேறு பேச்சு ஓடியது. சத்தியம் பண்ண மறுத்தவன் பொய்யன்தானே என்றார்கள். அண்ணன் மகளுக்குப் பேசி வைத்திருந்த சம்பந்தம் அந்தப் பேச்சிலேயே முறிந்தது. நான் போய் விளக்குகிறேன் என்றேன். அண்ணன் தடுத்தார்.

"நாமளா போய்ச் சொன்னா கெஞ்சுற மாதிரி ஆயிரும். யாராவது கேட்டாச் சொல்லு."

யாரும் கேட்கவில்லை. அண்ணன் தர்காவுக்குப் பக்கத்தில் சின்னதாகக் கைலிக் கடை வைத்தார். வாங்க வருகிறவர்களிடம் துணியை முழுக்க விரித்துக் காட்டிவிட்டே விலை சொல்வார். மகளுக்குப் பின்னர் பேரையூரில் நல்ல இடம் அமைந்தது. கடைசியில் நெஞ்சுவலியில் படுத்தார். மதினி தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தபோதே உயிர் பிரிந்தது. கபுரில் மண் போட்டேன். வீட்டுக்கு வந்து சாப்பிட்டேன். அதற்குமேல் அன்றைய நாள் எனக்கு நினைவில்லை.

வைத்தியம் பார்த்தவர்களுக்கும், ஜனாஸாவைச் சுமந்தவர்களுக்கும், அன்று கடையடைத்த கோரிப்பாளையம் வியாபாரிகளுக்கும், சோழவந்தானிலிருந்து வண்டி கட்டி வந்த நண்பர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

இன்னும் ஒருவருக்கு நன்றி சொல்ல வேண்டும். மூன்றாம் நாள் பாத்திஹா முடிந்து எல்லோரும் போன பிறகு, அண்ணன் மகள் என் அருகில் வந்து உட்கார்ந்தாள்.

"சின்னத்தா, அந்தக் கோர்ட்டுல அத்தா என்ன சொன்னாங்க?"

அத்தனை வருடத்தில் கேட்ட முதல் ஆள் அவள். சொன்னேன்.