கமலவேணி அக்காவும் கவிழ்ந்த மங்குகளும்

கமலவேணி அக்கா இறந்த செய்தியை அவருடைய தம்பி ஜெலாப்பாங்கிலிருந்து கோப்பெங்கில் உள்ள என் வீடு வரை மோட்டார் சைக்கிளில் வந்து சொன்னார். நான் அப்போதுதான் மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தேன். "அக்கா போயிட்டாங்க அண்ணே. தூக்கத்துலயே போயிட்டாங்க. சாயந்தரம் எடுக்குறோம்" என்றார். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. தண்ணீர் மட்டும் வாங்கிக் குடித்தார். "உங்க கதைக் கூட்டத்துல யார் யாருக்குச் சொல்லணும்னு எனக்குத் தெரியல. நீங்களே சொல்லிருங்க" என்று வண்டியைத் திருப்பினார். அன்று எல்லோருக்கும் சொல்ல முடியவில்லை. வர இயலாமல் போனவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

ஈப்போ தொலைபேசி நிலையத்தில் அவர் வேலை செய்ததை நீங்கள் அறிவீர்கள். வெளியூர் அழைப்புகளை இணைத்துக் கொடுக்கும் வேலை. நாள் முழுவதும் பிறர் குரலைக் காதில் வாங்கியவர், ஞாயிற்றுக்கிழமை மதியம் தையற்கடை மாடிக்கு வந்து எங்கள் கதைகளையும் கேட்பார். எழுபதுகளின் தொடக்கத்தில் அந்தக் கூட்டத்தைத் தொடங்கியபோது கதை எழுதாத ஒரே உறுப்பினர் அவர்தான். "எல்லாரும் எழுதுனா யாருலா கேக்குறது?" என்பார்.

ஒரு கூட்டத்தில், வாசித்து முடித்த கதையின் கருப்பொருள் என்ன என்று பேச்சு வந்தது. ஒரு நண்பர் "வறுமை" என்றார்.

"அது கருப்பொருள் இல்ல அண்ணே, தலைப்பு. வறுமையைப் பத்தி இந்தக் கதை என்ன சொல்லுது? முழு வாக்கியமாச் சொல்லுங்க" என்றார் அக்கா.

நண்பர் யோசித்து, "வறுமை கொடுமையானது" என்றார்.

"அது இந்தக் கதையைப் படிக்காமலே எனக்குத் தெரியும்லா."

எல்லோரும் சிரித்தோம். நண்பரும் சிரித்தார். பிறகு அக்கா சொன்னார்: "கதையில வர்ற அப்பா கடைக்காரர்கிட்ட மட்டும் சிரிக்கிறார். வீட்டுல ஒரு தடவைகூடச் சிரிக்கல. அங்கேர்ந்து ஆரம்பிங்க." அன்றைய மாலை முழுவதும் அந்தச் சிரிப்பைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம்.

அவர் சொல்வது எப்போதும் சரியாக இருந்ததில்லை. நான் எழுதிய நாய்க் கதை ஒன்றைக் கேட்டுவிட்டு, அது மனைவியை இழந்தவனின் தனிமையைப் பற்றியது என்று உறுதியாகச் சொன்னார். என் மனைவி வீட்டில் நலமாக இருக்கிறாள், நாய்தான் காணாமல் போய்விட்டது என்றேன். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். "சரி, நாய் கெடைச்சா சொல்லுங்க" என்றார்.

சன்னாசி அண்ணனைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். சிமெண்டு லாரி ஓட்டிய அவர் பேய்க்கதை மட்டுமே எழுதுவார். அவர் வாசிக்கும் நாளில் அறை நிறைந்துவிடும். ஆளில்லாத தோட்டம், தொழிலாளர்கள் குடியிருந்து காலியான லயத்து வீடுகள், இரப்பர் மரங்களுக்கு நடுவே ஓடுகிற ஒருவன், பின்னால் ஏதோ ஒன்று. கீழே தையல் எந்திரங்கள் ஓடிக்கொண்டிருந்த பட்டப்பகலிலும் எங்களுக்கு முதுகு சில்லிடும்.

ஒரு ஞாயிறு அவர் வாசித்து முடித்ததும் அக்கா கேட்டார். "அண்ணே, இதுக்கு முன்னாடி வாசிச்ச கதைங்கள்லயும் ஒரு மங்கு கவுந்து கெடக்கும். இதுலயும் கெடக்கு. அதை யாரும் நிமித்த மாட்டேங்கிறாங்க. ஏன்?"

இரப்பர்ப் பால் வடிவதற்காக மரத்தில் கட்டும் சிறு பீங்கான் கோப்பைதான் மங்கு. எங்களில் பாதிப் பேர் மங்கு கழுவி வளர்ந்தவர்கள். ஆனாலும் நாங்கள் யாரும் அதைக் கவனித்திருக்கவில்லை.

"சும்மா எழுதுனேன்" என்றார் சன்னாசி.

"பேய் யாரையும் அடிக்கல. ஒன்னுமே செய்யல. உங்க ஆளுதான் ஓடிக்கிட்டே இருக்கான். இது பயத்தைப் பத்தின கதை மாதிரி எனக்குப் படல. விட்டுட்டு வந்ததைத் திரும்பிப் பாக்காதவன் எங்கேயும் போய்ச் சேர மாட்டான்னு சொல்ற கதை."

சன்னாசி காகிதங்களை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். யாரையும் பார்க்காமல் படியிறங்கிப் போய்விட்டார். அடுத்த கூட்டத்துக்கும் அதற்கடுத்த கூட்டத்துக்கும் அவர் வரவில்லை. அக்கா முகம் வாடிப்போனது. "எழுதுறவங்க கை அவங்களுக்கே தெரியாம ஒரே எடத்துக்குப் போகும். அதைச் சொல்லியிருக்கக் கூடாதோ" என்று என்னிடம் கேட்டார்.

பிறகு ஒரு நாள் சன்னாசி தொலைபேசி நிலையத்து வாசலில் வந்து நின்றாராம். வேலை முடிந்து வெளியே வந்த அக்காவிடம், நின்ற இடத்திலேயே எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார். அவருக்கு மீனா என்று ஒரு மகள் இருந்திருக்கிறாள். நடை பழகிய வயதில் காய்ச்சலில் போய்விட்டாள். தோட்டத்து ஓரத்தில், மரத்தடியில் புதைத்தார்கள். கல் வைக்க வசதியில்லாததால் ஒரு மங்கைக் கவிழ்த்து அடையாளம் வைத்தார். கொஞ்ச நாளில் தோட்டத்தைத் துண்டு துண்டாக விற்றுவிட, எல்லோரும் அவசரமாகக் கிளம்ப வேண்டியதாயிற்று. அதன்பின் அவர் அங்கே போகவே இல்லை. மனைவி அஞ்சலை கூப்பிடும்போதெல்லாம் வேலை இருக்கிறது என்று சொல்லிவிடுவார்.

"நீங்களும் கூட வாங்க, கமலம். தனியாப் போக முடியல" என்று கேட்டிருக்கிறார். துணைக்கு அக்கா என்னையும் அழைத்தார்.

கடன் வாங்கிய காரில் நாங்கள் நால்வரும் போனோம். அஞ்சலை அக்கா மடியில் ஒரு பிளாஸ்க் இருந்தது. அந்தத் தோட்டம் கோப்பெங்குக்கு அப்பால், செம்மண் பாதையின் முடிவில் இருந்தது. மதிய வெயில். மறுநடவுக்காகப் பழைய மரங்களுக்கு விஷ மருந்து வைத்திருந்தார்கள். அவை நின்றபடியே பட்டுப்போயிருந்தன. ஒரு பறவைச் சத்தம் இல்லை. லயத்துக் கதவுகள் எல்லாம் திறந்தே கிடந்தன. ஒரு வீட்டுக்குள் கொடியில் ஒரு துண்டு காய்ந்துகொண்டிருந்தது. எத்தனை வருடமாகக் காய்கிறதோ.

லயத்தைத் தாண்டி மரங்களுக்குள் போனதும் சன்னாசி நின்றுவிட்டார். தரையில் ஒரு மங்கு கவிழ்ந்து கிடந்தது. சற்றுத் தள்ளி இன்னொன்று. சருகை விலக்கிப் பார்க்கப் பார்க்க, மரத்துக்கு மரம் கவிழ்ந்த மங்குகள்.

"நான் வச்சப்ப ஒன்னுதான் இருந்துச்சு" என்றார். "சத்தியமா ஒன்னுதான்."

எது எவருடையது என்று சொல்ல அங்கே யாரும் இல்லை. பிள்ளையைப் பறிகொடுத்த மற்றவர்களும் அவரைப் பார்த்து அப்படியே வைத்துவிட்டுப் போனார்களோ என்னவோ. அஞ்சலை அக்கா மட்டும் எதையும் தேடவில்லை. நேராக நடந்து போய் ஒரு மங்கின் அருகே உட்கார்ந்தார்.

"இதான்" என்றார்.

"எப்படிடீ தெரியும்?"

"கூப்புட்டாளே. உங்களுக்குக் கேக்கலையா?"

எனக்கு எதுவும் கேட்கவில்லை. கமலவேணி அக்காவைப் பார்த்தேன். தலையை ஒரு பக்கம் சாய்த்து, ஒரு காதை விரல்களால் பொத்தியபடி, அசையாமல் நின்றிருந்தார். அவர் கையில் மயிர் சிலிர்த்திருந்தது.

அஞ்சலை அக்கா மங்கை நிமிர்த்தினார். அது இருந்த இடத்து மண் வட்டமாக வெளுத்திருந்தது. மங்கை முந்தானையால் துடைத்து, பிளாஸ்க்கிலிருந்து பாலை ஊற்றி அதே வட்டத்தில் வைத்தார். யாரும் அழவில்லை.

திரும்பி நடக்கும்போது எங்களுக்குப் பின்னால் சின்னச் சின்ன அடி வைப்பது போலச் சத்தம் வந்தது. காய்ந்த இரப்பர்க் கொட்டைகள் வெடித்தால் அப்படிக் கேட்கும். ஆனால் பட்டுப்போன மரங்களில் காய் ஏது என்று எனக்குத் தோன்றியதும் கால் வேகம் பிடித்தது. சன்னாசி அண்ணன் வேகம் பிடிக்கவில்லை. நின்றார். முழுதாகத் திரும்பிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு ஒரு பிள்ளைக்குச் சொல்வது போல, "அப்பா போயிட்டு வாரேன்டா" என்றார்.

காரில் வரும்போது கமலவேணி அக்காவிடம் மெதுவாகக் கேட்டேன். "உங்களுக்கு ஏதாச்சும் கேட்டுச்சா?"

"சில நேரம் லைன் கெடைச்சும் அந்தப் பக்கம் பேச மாட்டாங்க, தம்பி. ஆனா ஆளு இருக்குறது தெரியும்" என்றார்.

சில மாதம் கழித்து சன்னாசி அண்ணன் மறுபடி மாடிக்கு வந்து ஒரு கதை வாசித்தார். அதில் பேய் இல்லை. ஒரு புருஷனும் பெஞ்சாதியும் பிளாஸ்க்கோடு எங்கோ போகிறார்கள், அவ்வளவுதான். வாசித்து முடித்ததும் எல்லோரும் வழக்கம்போல் அக்காவைத் திரும்பிப் பார்த்தோம். "இதுக்கு நான் சொல்ல வேணாம். கேட்ட எல்லாருக்கும் தெரியும்" என்று எழுந்து தேநீர் ஊற்றப் போய்விட்டார்.

சன்னாசி அண்ணனும் அஞ்சலை அக்காவும் கமலவேணி அக்காவின் இறுதிச் சடங்குக்கு வந்திருந்தார்கள். கூட்டம் கலைந்த பிறகும் அவர்கள் போகவில்லை. அஞ்சலை அக்கா அந்த வீட்டுப் பெண்களோடு சேர்ந்து வாசலைக் கழுவிக்கொண்டிருந்தார்.

கமலவேணி அக்கா இறப்பதற்குச் சில வாரங்களுக்கு முன் நான் ஜெலாப்பாங் போயிருந்தேன். அக்கா மெலிந்திருந்தார். புதிதாக எழுதிய கதையைப் படித்துக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "இதுல ஒருத்தரை யாரும் கவனிக்கவே இல்ல. அது யாருன்னு பாருங்க தம்பி. அங்கேதான் கதை இருக்கு" என்றார். வீட்டுக்கு வந்து நாலைந்து முறை படித்தும் அது யாரென்று எனக்குப் பிடிபடவில்லை. அந்தக் கதையை இன்னும் யாருக்கும் அனுப்பவில்லை.

அவரிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது அந்தக் கேள்வியைத்தான். எந்தக் கதையைப் படித்து முடித்தாலும், என்னுடையதோ பிறருடையதோ, "இதில் யாரை யாரும் கவனிக்கவில்லை?" என்று வாய்விட்டுக் கேட்கிறேன். கேட்டதும் அறையில் நான் மட்டும் இல்லை என்று தோன்றும். பயம் வருவதில்லை. நகர்ந்து உட்கார்ந்து, கொஞ்சம் இடம் விடுகிறேன்.